வண்டி ஓட்டவா பட்டம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய நண்பர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "வந்தார்" என்று எழுதாமல் "வந்து சேர்ந்தார்" என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வீட்டிலிருந்து நம் வீடு நாலு மைல் தூரந்தான். ஆனால், முப்பத்தைந்து நிமிஷம் வெயிலில் காத்து நின்று, ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல் வந்த மூன்று பஸ்களில் முதலாவதில் முண்டியடித்து ஏறி, சட்டை கசங்கி, முகம் சிவந்து அவர் வந்தார். பின்னால் வந்த இரண்டு பஸ்களும் பாதி காலியாக இருந்தனவாம்.

கூடவே அவருடைய குமாரியும் வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கிலே நல்ல மார்க்கு வாங்கித் தேறியவள். அவளைப் பற்றித்தான் வழக்கு.

"ஸார், இவளுக்குப் புத்தி சொல்லுங்கள். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. இவளோ அது வேண்டாம், சர்வகலாசாலையில் போக்குவரத்து நிர்வாகந்தான் படிப்பேன் என்கிறாள். வண்டி ஓட்டவும் டிக்கட் கிழிக்கவும் ஒரு பட்டமா?" என்று ஆரம்பித்தார் நண்பர்.

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதது அல்ல. என் தகப்பனார் முப்பது வருஷம் கண்டக்டராகக் காக்கிச் சட்டை போட்டார். இரவு ஒரு மணிக்கு வீடு வருவார். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவார். அந்தச் சட்டை எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவேண்டும் என்றுதான் என்னைப் பட்டினி கிடந்து படிக்க வைத்தார். இப்போது பேத்தி அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளப் பார்க்கிறாள்!" என்றார். குரல் தழுதழுத்தது.

இது நகைத்துத் தள்ளக்கூடிய விஷயம் அல்ல என்பது அப்போதுதான் நமக்குப் புலனாயிற்று.

அந்தப் பெண் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மாமா, அப்பா இன்று முப்பத்தைந்து நிமிஷம் காத்திருந்தாரே, அது ஏன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நம் மேஜை மேல் இருந்த காகிதத்தை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

ஒரு தடத்தில் மணிக்கு நாலு பஸ்கள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஒழுங்காய்ப் போனால், நினைத்த நேரத்தில் வந்து நிற்கும் பிரயாணி சராசரி ஏழரை நிமிஷம் காத்திருப்பார். அதே நாலு பஸ்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொண்டு அரை மணிக்கு ஒரு ஜோடியாக வந்தால், காத்திருக்கும் சராசரி நேரம் பதினைந்து நிமிஷம் ஆகிவிடுகிறது. பஸ் அதேதான், டீசல் அதேதான், டிரைவர், கண்டக்டர் சம்பளமும் அதேதான். ஜனங்களின் வாழ்நாளில்தான் ஆளுக்கு ஏழரை நிமிஷம் வீணாகிறது. தினம் ஆயிரம் பேர் ஏறும் தடமானால் நூற்றிருபத்தைந்து மணி நேரம்!

"அந்த டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டல்லவா சேர்ந்து வருகிறார்கள்?" என்றார் நண்பர்.

அதுதான் இல்லையாம். முன்னால் போகும் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் இரண்டு நிமிஷம் தாமதிக்கிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். பத்துப் பேரையும் ஏற்றுவதற்குள் தாமதம் மேலும் வளர்கிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்றுவதற்கு ஆள் குறைவு. ஆகையால் விரைந்து வந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடுகிறது. யாருடைய குற்றமும் இல்லை. ஆனால், எல்லோருக்கும் கஷ்டம். 1964-ஆம் வருஷத்திலேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் இதைக் கணித வாயிலாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நேரத்துக்கு முன்னால் ஓடும் பஸ்ஸைக் குறிப்பிட்ட இடங்களில் நிறுத்தி அனுப்புவது, தடத்தின் கோடியில் சிறிது ஓய்வு நேரம் வைத்துத் தாமதத்தை அங்கேயே கழித்துவிடுவது என்று இதற்குப் பரிகாரங்களும் உண்டு. இவற்றைப் படிப்பதற்குப் பெயர்தான் போக்குவரத்து நிர்வாகம் என்று முடித்தாள் அந்தப் பெண்.

நண்பர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நேயர்களே! நம்மில் பலருக்குப் போக்குவரத்து என்றால் வண்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது. புது எஞ்சின் வந்தால் மாலை போடுகிறோம். புது ரயிலுக்குக் கொடி அசைக்கிறோம். ஆனால், வண்டியை வாங்குவது ஒரு நாள் காரியம். அதை முப்பது வருஷம் நேரப்படி நஷ்டமின்றி ஓட்டுவதுதான் பெரிய காரியம். எந்தத் தடத்துக்கு எத்தனை வண்டி, டிரைவருக்கு எத்தனை மணி ஓய்வு, டிப்போவிலிருந்து முதல் நிறுத்தம் வரையில் ஆளில்லாமல் ஓடும் தூரத்தை எப்படிக் குறைப்பது, டிக்கட் விலையை எப்படி நிர்ணயிப்பது, நஷ்டம் வந்தாலும் ஓட்டியே தீரவேண்டிய கிராமத்துத் தடத்தின் செலவை யார் தாங்குவது - இவை யாவும் அந்தப் படிப்பின் பாடங்கள்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. இன்று விற்காத துணியைக் கடைக்காரர் நாளைக்கு விற்கலாம். இன்று காலியாகப் போன ஆசனத்தை நாளைக்கு விற்க முடியாது. வண்டி புறப்பட்ட அந்த நிமிஷமே அது அழிந்துபோகிறது. ஆகையால், போட்டி மூண்டுவிட்டால் கட்டணம் அதல பாதாளத்துக்கு இறங்கும். ஆழமான பணப்பை உடையவனே கடைசியில் நிற்பான்.

இந்தப் பாடத்தைத் தமிழ் நாடு புத்தகத்தில் படிக்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்ணீர் விட்டுக் கற்றது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதினாயிரம் பங்குகள். முதலில் வாடகைக்குக் கப்பல் பிடித்தார். கொடுத்தவர்கள் நிர்ப்பந்தத்துக்கு அஞ்சிக் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் சளைக்கவில்லை. 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஜனங்கள் திரண்டு வரவேற்றார்கள். அதன் பிறகு மூண்டது கட்டணப் போர். வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்குப் போகும் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது; சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கிற்று. அவர்கள் இனாமாகவே ஏற்றிச் செல்கிறோம், குடையும் தருகிறோம் என்றார்கள் என்பது நம் நாட்டார் நன்கு அறிந்த கதை. 1908-ல் பிள்ளையவர்கள் சிறைக்குச் சென்றார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

தேசபக்தி குறைவாக இருந்ததாலா அந்தக் கப்பல் நின்றது? இல்லை. எதிராளியின் பின்னால் பெரும் பணமும் அரசாங்கத்தின் கையும் இருந்தன. அடக்குமுறையின் அநீதியை நாம் மறக்கக் கூடாது. ஆனால், ஒரு நாட்டின் விடுதலைக்கும் கப்பல் கட்டணத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் மறக்கக் கூடாது.

இதில் சர்வகலாசாலைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இங்கிலாந்தில் வில்லியம் ஆக்வொர்த் என்று ஒருவர் இருந்தார். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் ரயில்வே பொருளாதாரம் போதித்தவர். 1920-ல் இந்திய ரயில்வேக்களை விசாரிக்க அமைத்த கமிட்டிக்கு அவரையே தலைவராகப் போட்டார்கள். நம்முடைய ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அதில் ஓர் அங்கத்தினர். நம் நாட்டு ரயில்களை லண்டனில் உட்கார்ந்துகொண்டு கம்பெனிகள் நிர்வகித்து வந்த காலம் அது. ரயில்வேயின் வரவு செலவைச் சர்க்காரின் பொது வரவு செலவிலிருந்து பிரிக்கவேண்டும் என்று அந்தக் கமிட்டி சொல்லிற்று, 1924-ல் பிரித்தார்கள். அந்த ஏற்பாடு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்து, 2017-ல்தான் இரண்டு பட்ஜெட்டுகளும் மறுபடி ஒன்றாயின. வகுப்பறையில் போதித்த மனிதர் ஒருவரின் தலைமையில் எழுந்த யோசனை, ஒரு பெரிய தேசத்தின் கணக்குப் புத்தகத்தையே அத்தனை காலம் ஆண்டது. டிக்கட் கிழிக்கவா பட்டம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

நம் தேசத்தில் இதற்கென்றே தனிச் சர்வகலாசாலை தோன்றுவதற்கு வெகு காலம் பிடித்தது. 2018-ல் பரோடாவில் - இப்போது வடோதரா என்கிறார்கள் - ரயில் மற்றும் போக்குவரத்துக்கான தேசியக் கல்வி நிலையம் தொடங்கியது. ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்கு 1952 முதல் பயிற்சி அளித்து வந்த பழைய அரண்மனை வளாகத்திலேயே வகுப்புகள் நடந்தன. முதல் வருஷம் இரண்டே பட்டப் படிப்புகள்: ஒன்று போக்குவரத்து நிர்வாகம், மற்றொன்று போக்குவரத்துத் தொழில்நுட்பம். 2022-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அதைக் கதி சக்தி விசுவ வித்தியாலயம் என்ற மத்திய சர்வகலாசாலையாக உயர்த்திற்று. கப்பலும் துறைமுகமும் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் பரோடா வரையில் போகவேண்டியதில்லை. 2008-ல் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் சர்வகலாசாலைக்குச் சென்னையே தலைமை இடம். சரக்குப் போக்குவரத்து நிர்வாகத்தில் பட்ட மேற்படிப்பும் அங்கே உண்டாயிற்று.

இனிப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படிப்பின் பெயர் இப்போது நாகரிகமாகிவிட்டது. நாகரிகமான பெயர் உள்ள இடத்தில் போலிச் சரக்கும் வந்து சேரும். ஆகையால், கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்காமல் நாலு கேள்விகள் கேளுங்கள். கணக்கும் புள்ளி விவரமும் எத்தனை பாடம்? பொருளாதாரம் உண்டா? மாணவர்களை டிப்போவுக்கும் சரக்கு நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் அனுப்பி வேலை பார்க்கச் செய்கிறார்களா? கற்பிக்கிறவர்களில் ஒருவராவது உண்மையாகவே வண்டிகளை நடத்திய அநுபவம் உடையவரா? இவற்றுக்கு நேரான பதில் இல்லையென்றால் பணத்தைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. இது நாற்காலியில் சாய்ந்திருக்கும் உத்தியோகம் அல்ல. ஊர் உறங்கும்போது விழித்திருக்க வேண்டும். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போகும்போது அவர்களை அனுப்பி வைப்பதற்காக நீங்கள் இங்கே இருக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் ஒருவரும் புகழமாட்டார்கள். பத்து நிமிஷம் தாமதமானால் ஊரெல்லாம் வையும். இதற்குச் சம்மதமானால்தான் விண்ணப்பம் போடலாம்.

இவ்வளவையும் நாம் நண்பரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு தமக்குத் தாமே பேசிக்கொள்வதுபோல் சொன்னார்:

"அப்பா ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எந்த நிறுத்தத்தில், எந்த மணிக்கு, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எழுதி வைப்பார். காலை ஏழரை மணி வண்டியைப் பத்து நிமிஷம் முன்னால் விட்டால் மில் தொழிலாளர்கள் அத்தனை பேரும் ஏறுவார்கள், அரை நாள் சம்பளம் போகாது என்று டிப்போவில் போய்ச் சொன்னார். 'நீ டிக்கட்டைக் கொடு, போதும்' என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எனக்கு அப்போது பத்து வயது."

"அந்த நோட்டு என்னிடந்தான் இருக்கிறது, அப்பா. பாட்டி கொடுத்தாள்" என்றாள் பெண்.

நண்பருக்கு அது அதுவரை தெரியாது.

தாத்தாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சொல்வதற்கு அதிகாரம் இல்லை. அதிகாரத்தில் இருந்தவர்களுக்குக் கேட்பதற்குப் பொறுமை இல்லை. அறிவும் அதிகாரமும் ஒரே மேஜையில் உட்காரவேண்டும் என்பதற்காகவே சர்வகலாசாலை இந்தத் தொழிலுக்குள் வரவேண்டியிருக்கிறது. காக்கிச் சட்டை இழிவானது அல்ல. அதைப் போட்டவர் சொன்னதைக் கேளாததுதான் இழிவு. பட்டம் பெற்றுப் போகிற பிள்ளைகள், டிப்போவில் நோட்டுப் புத்தகத்துடன் ஒரு கண்டக்டர் வந்து நின்றால் முதலில் நாற்காலி போடவேண்டும். அதைக் கற்காத பட்டம் வீண்.

நண்பர் எழுந்தார். விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதாம். "இவள் அம்மாவிடம் நான்தான் பேசவேண்டும். பரோடா எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கும்போது கண்ணில் ஜலம் வந்துவிடுகிறது" என்றார். முடிவு சொல்லவில்லை; நாமும் வற்புறுத்தவில்லை.

நிறுத்தம் வரையில் கூடப் போய் வழியனுப்பினோம். இருபது நிமிஷம் நின்றோம். கடைசியில் பஸ் வந்தது. பின்னாலேயே மற்றொன்றும் வந்தது. நண்பர் வழக்கம்போல் முதல் பஸ்ஸை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். பிறகு பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்று, இரண்டாவது பஸ்ஸில் ஏறினார். இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.