தாளத்துக்குச் சொந்தக்காரர் யார்?

வானொலியில் ஒரு திரைப்பாடல் ஒலிக்கும் முன்னர் படத்தின் பெயர், பாடியவர், பாடலை இயற்றியவர், இசையமைத்தவர் ஆகிய விபரங்களை அறிவிப்பது இலங்கை வானொலியின் மரபு. அந்த மரபில் காது பழகியவன் நான். ஆனால், தாளம் வாசித்தவர் யார் என்று எவரும் அறிவித்ததாக எனக்கு நினைவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. மேலைத்தேய இசையில் 'ஷபிள்' என்று அழைக்கப்படும் தாளக்கட்டின் கதையை அறிந்த பின்னரே அந்தக் குறை உறைத்தது.

ஷபிள் நமது காதுக்கு அந்நியமானதல்ல. திஸ்ர நடையில் 'தகிட, தகிட' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு நடுவிலுள்ள 'கி'யை விழுங்கிவிட்டு 'த'வையும் 'ட'வையும் மட்டும் ஒலியுங்கள். நொண்டுவது போன்ற, ஆனால் காலை ஆடத்தூண்டும் ஓர் அசைவு பிறக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் வேரூன்றி, ஜாஸுக்கும் றொக் இசைக்கும் பரவிய அசைவு அது.

அந்த விழுங்கப்பட்ட 'கி'யைத் திரும்பக் கொண்டுவந்து புகழ்பெற்றவர் பேர்னாட் பர்டி. வலக்கை ஹை-ஹட் தட்டில் 'த'வையும் 'ட'வையும் வாசிக்க, இடக்கை ஸ்னெயர் முரசில் 'கி'யைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடும். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் வழமையாக விழும் பலத்த அடி, மூன்றாவதில் மட்டும் விழும். பாடல் நிதானமாக நடக்கிறது; உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீலி டான் குழு 1977 இல் வெளியிட்ட 'ஏஷா' இசைத்தட்டின் 'ஹோம் அட் லாஸ்ட்' பாடலில் இதனைத் தெளிவாகக் கேட்கலாம்.

1979 இல் லெட் ஸெப்பெலின் குழுவின் ஜோன் பொன்ஹாம் 'ஃபூல் இன் த ரெயின்' பாடலில் இந்த வகைத் தாளத்தை வாசித்தார். 1982 இல் டோட்டோ குழுவின் 'றோசானா' வந்தது. அதன் தாளத்தை அமைத்தவர் ஜெஃப் போர்காரோ. அடுத்த ஆண்டு அப்பாடலுக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

இம்மூன்று பாடல்களையும் முதல் நான்கு விநாடிகளிலேயே இனங்காட்டுவது முரசுதான். ஆயினும், மூன்றில் ஒன்றிலேனும் பாடலை ஆக்கியோர் பட்டியலில் முரசு வாசித்தவரின் பெயர் இல்லை. மெட்டும் வரிகளும் சொத்தாகக் கருதப்படுகின்றன. தாளம் கூலி வேலையாகவே கருதப்படுகிறது. 1970 இல் வெளியான ஜேம்ஸ் பிரவுணின் 'ஃபங்கி ட்ரம்மர்' இசைத்தட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில விநாடிகளை நூற்றுக்கணக்கான ஹிப்-ஹொப் பாடல்கள் வெட்டியெடுத்துப் பயன்படுத்தின. ஆனால், அவரது பெயர் ஆக்கியோர் உரிமையில் இல்லை. 2017 இல் அவர் மறைந்தார்.

அப்படியானால் தாளத்துக்கும் பதிப்புரிமை வழங்கவேண்டுமா? வேண்டாம் என்பதே எனது கருத்து. ஷபிளை ஒருவர் வேலியடைத்திருந்தால் பர்டியின் தாளமே பிறந்திராது. பெயர் தெரியாத எத்தனையோ புளூஸ் கலைஞர்களிடமிருந்து கைமாறி வந்த செல்வம் அது. ஊர்க்கிணற்றுக்குப் பூட்டுப் போடுவது நியாயமாகாது.

ஆனால், கிணறு வெட்டியவரை நினைப்பதற்குச் சட்டம் தேவையில்லை. போர்காரோ அதைச் செய்து காட்டினார். முரசு பயில்வோருக்கான ஒளிநாடா ஒன்றில், பர்டியிடமிருந்தும் பொன்ஹாமிடமிருந்தும் எதை எடுத்தேன், அதனுடன் போ டிட்லியின் தாளத்தை எவ்வாறு சேர்த்தேன் என்று படிப்படியாக வாசித்துக் காட்டியிருக்கிறார். கடன்பட்டதைச் சொன்னதால் அவரது புகழ் குறையவில்லை. பர்டியின் பெயரை அறியாத பலர் அவர் வழியாகவே பர்டியை அறிந்தனர்.

எனது தொழிலிலும் இந்த வழக்கு உண்டு. செய்தியை எழுதிய நிருபரின் பெயர் அச்சாகும். அதைச் செப்பனிட்டுத் தலைப்பிட்ட உதவி ஆசிரியரின் பெயர் எங்கும் வராது. வாசகர் நினைவில் நிற்பதோ பெரும்பாலும் தலைப்புத்தான்! அந்த மேசையின் உழைப்பை அறிந்தவன் என்பதாலேயே இதனை எழுதத் தோன்றியது.

தபேலா, மிருதங்கம், தவில், ட்ரம்ஸ் என்று நமது பாடல்களைத் தாங்கியவர்களுள் பலரின் பெயர் இசைத்தட்டு உறைகளில் அச்சாகவில்லை. அந்த ஒலிப்பதிவுகளில் வாசித்தவர்களும், உடனிருந்தவர்களும் சிலர் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய பாடல்களைப் பற்றி எழுதுவோர் அவர்களிடம் சென்று கேட்டு, அந்தப் பெயர்களையும் பதிவுசெய்ய வேண்டும். பின்னர் கேட்பதற்கு ஆளிருக்காது.