ஆடும் எழுத்தும் தமிழாகுக!

மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தார் தொல்காப்பியர். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2. சிவகாசி அச்சகங்கள் தாளில் நிறுத்தும் எழுத்து அவ்வளவைக் குறிக்குமேயன்றி நிகழ்த்திக் காட்டாது. இன்றோ, பாடல்வரிக் காணொளியில் எழுத்து இசையோடு நீள்கிறது, நடுங்குகிறது, வாணம்போற் சிதறுகிறது. ஓசையைக் கண்ணாற் காணும் பேறு நமக்கு வாய்த்துள்ளது!

ஆயின், தமிழ்த் திரைப்பாடற் காணொளிகள் பலவற்றில் ஆடுவது உரோமன் எழுத்தே! அதில் கலமும் களமும் ஒன்றாகின்றன. மனமும் மணமும் மயங்குகின்றன. வெம்பக்கோட்டைச் சிறுவன் தாய்மொழிப் பாட்டை அயலெழுத்திற் படிக்கின்றான். பழகிய கண் பின்னர்த் தமிழெழுத்தைத் தேடுமா?

தமிழ்ப்பாட்டுக்குத் தமிழெழுத்தே ஆடட்டும்! பிறர்க்கு வேண்டுமெனில் உரோமன் எழுத்து அடியிற் சிறிதாய் நிற்கட்டும். தமிழன்பர்களே, தமிழெழுத்தில்லாக் காணொளியைக் கண்டவிடத்து வாளாவிராதீர். வெளியிட்டோர்க்கு எழுதிக் கேளுங்கள்!