யாருடைய கழகம்? யாருடைய குருதி?

உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு ஏற்ற இடமா இது என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். விளையாட்டென்பது தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையை மயக்கத்தில் ஆழ்த்தும் அபின். அதிலே முற்போக்காளர் அக்கறை கொள்வதற்கு என்ன உண்டு என்பது அவர்கள் வாதம். இவர்களுக்கு விடை கூறுவதில் நாம் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர் பல்மீரோ தொல்லியாத்தி, யுவென்ரஸ் கழகத்தின் இரசிகராய் இருந்தவர் என்ற ஒன்றை மட்டும் நினைவூட்டி அப்பாற் செல்கின்றோம். இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் இடத்தைப் பார்க்க மறுப்பவர் மக்களைப் பற்றிப் பேசுவதில் என்ன பொருள் இருக்கின்றது?

நமது வழக்கு இன்னொரு சாராருடன். பத்திரிகையிலே அரசாங்கம் வெளியிடும் புள்ளிவிபரம் ஒன்றைக் கண்டால் "இதனால் இலாபம் யாருக்கு?" என்று உடனே கேட்கப் பழகியவர்கள் இவர்கள். ஆனால் தாம் நேசிக்கும் கழகத்தின் மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்ததும் கேள்வி கேட்கும் பழக்கத்தை மைதான வாயிலிற் கழற்றி வைத்துவிடுகின்றனர். 2024 பெப்ரவரியில் போல் போக்பாவுக்கு இத்தாலியிலே நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டபோது, ஆசிரியர் ஓய்வறையில் நாம் இதனை நேரிற் கண்டோம். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கும் நண்பர், "உவங்கள் எல்லாரும் போடுறவங்கள்தான் மாஸ்ரர். எங்கடை ஆளை மட்டும் பிடிச்சுப்போட்டாங்கள்" என்றார். மறு கழகத்து ஆட்டக்காரன் ஒருவன் அகப்பட்டிருந்தால் அவர் என்ன கூறியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. எல்லாரும் செய்கின்றனர் என்பது உண்மையாயின் அது பெரும் ஊழல். நண்பரோ அதனை ஒரு சமாதானமாகக் கூறிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

இந்த மனோபாவத்தின் உட்பொருளை அறிய விரும்புவோர் இத்தாலியின் ரூரின் நகருக்குச் செல்ல வேண்டும்.

1998 ஆம் ஆண்டுக் கோடையில், ரோமா கழகத்தின் பயிற்றுநராயிருந்த செக் நாட்டவரான சிடெனெக் சேமன், வார இதழொன்றுக்கு அளித்த செவ்வியில், உதைபந்தாட்டம் மருந்துக்கடைகளை விட்டு வெளியே வரவேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். யுவென்ரஸ் வீரர் இருவரின் தசை வளர்ச்சி தமக்கு வியப்பளிப்பதாகவும் கூறினார். அன்று யுவென்ரஸ் ஐரோப்பாவின் முதன்மைக் கழகங்களுள் ஒன்று. 1996 இல் அஜக்ஸ் கழகத்தைத் தண்ட உதைகளில் வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றிருந்தது. 1995, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியின் முதற்பிரிவுப் பட்டமும் அதனுடையதே.

சேமனின் சொற்களைக் கேட்டு விசாரணையைத் தொடங்கியவர் ரபாயேலே குவாரினியெல்லோ என்னும் சட்ட அதிகாரி. இவர் யார் என்பதை விளையாட்டுப் பத்திரிகைகள் விரிவாகச் சொல்வதில்லை. நாம் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளிலே தொழிலாளரின் உடல்நலத்துக்கு விளையும் கேடுகளைத் தொடர்ந்து வழக்குமன்றுக்குக் கொண்டுவந்தவர் இவர். அஸ்பெஸ்ரஸ் தூசியினால் மாண்டோருக்காக எற்றெனிற் கம்பனி மீதும், 2007 இல் ஏழு தொழிலாளர் தீயிற் கருகி மாண்டதற்காக ரூரினிலுள்ள தீசன்குறுப் உருக்குத் தொழிற்சாலை நிருவாகத்தின் மீதும் பின்னாளில் வழக்குத் தொடுத்தவரும் இவரே. அதற்கும் வெகு முன்னர், 1970களின் தொடக்கத்தில், பியற் மோட்டார்க் கம்பனி தன் தொழிலாளரின் அரசியற் சார்பு, குடும்ப வாழ்க்கை, ஒழுக்கம் ஆகியவற்றை வேவுபார்த்துத் தொகுத்து வைத்திருந்த மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கோவைகளை வெளிக்கொணர்ந்தவர் இளம் நீதவானாயிருந்த இந்தக் குவாரினியெல்லோதான்.

பியற் கம்பனியின் உரிமையாளர் அஞ்ஞெல்லி குடும்பத்தினர். 1923 தொடக்கம் யுவென்ரஸ் கழகமும் அவர்கள் கையில். ஆக, முதலிலே அக்குடும்பத்தின் தொழிற்சாலைக் கோவைகளைத் திறந்த மனிதரே பின்னர் அக்குடும்பத்தின் விளையாட்டுக் கழகத்து மருந்தலுமாரியையும் திறந்தார். உள்ளே காணப்பட்டவை 281 வகை மருந்துகள். இவற்றுட் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டவை அல்ல என்பதையும் நேர்மையுடன் கூறிவிடுகின்றோம். ஆனால், நாட்டின் மிகத் திடகாத்திரமான இளைஞர் சிலருக்கு 281 வகை மருந்துகள் எதற்கு? நோயாளருக்கென ஆக்கப்பட்ட மருந்து நோயில்லாதவன் உடலிற் செலுத்தப்படுமாயின் அது மருத்துவமா, உற்பத்திப் பெருக்கமா? வழக்கின் மையம் இதுதான்.

இதே வேளையில், உரோம் நகரில் தேசிய ஒலிம்பிக் குழுவின் கீழ் இயங்கிய ஆய்வுகூடத்திலே, உதைபந்தாட்ட வீரரின் சிறுநீர் மாதிரிகளில் ஸ்ரெரொயிட் வகை மருந்துகளைக் கண்டறியும் சோதனைகள் ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்பது அம்பலமாயிற்று. ஆய்வுகூடம் மூடப்பட்டது. ஒலிம்பிக் குழுவின் தலைவர் மாரியோ பெஸ்காந்தே பதவி துறந்தார். "பரிசோதனையில் எவரும் அகப்படவில்லையே" என்று இன்றும் வாதிடுவோர் இந்த ஆய்வுகூடத்தின் கதையைச் சிறிது படிப்பது நன்று. பரீட்சையே நடைபெறாத பள்ளியில் எவரும் சித்தியடையத் தவறுவதில்லை.

வழக்கு 2002 இல் தொடங்கியது. 2004 நவம்பரில் கழகத்தின் வைத்தியர் குற்றவாளியெனக் காணப்பட்டு 22 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். கழகத்தின் முகாமைப் பணிப்பாளர் விடுவிக்கப்பட்டார். 2005 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்று வைத்தியரையும் விடுவித்தது. 2007 மார்ச்சில் உச்ச நீதிமன்று அந்த விடுதலையை அப்படியே ஏற்க மறுத்தது. ஆயினும் சட்டம் வகுத்த காலவரையறை கடந்துவிட்டமையால் மறுவிசாரணைக்கு இடமில்லாது போயிற்று. கிண்ணங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இனி இரசிகரிடம் வருவோம். யுவென்ரஸ் இரசிகர் 2005 ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படித்தார். ரோமா இரசிகரும் இன்ரர் மிலான் இரசிகரும் 2004 ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படித்தனர். மூன்றையும் சேர்த்துப் படிக்க எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. சேமன் ஒரு பாதியினருக்கு வீரர். மறு பாதியினருக்குத் துரோகி, பொறாமைக்காரர். அவர் சொன்னது மெய்யா பொய்யா என்ற வினா அவர் எந்தக் கழகத்துக்குப் பயிற்சியளிக்கிறார் என்ற வினாவிற் கரைந்து போயிற்று. எதிராளியின் மீது சந்தேகம் கொள்வதற்கு அறிவு எதுவும் தேவையில்லை. எதிர்க்கழகத்தின் மருந்தலுமாரியைத் திறக்கும்படி ஆரவாரிப்பவன் தன் கழகத்தின் கதவுக்குக் காவல் நிற்கின்றான். இவ்வாறு ஒவ்வொருவரும் தத்தம் கதவுக்குக் காவலாய் நிற்கும்போது எந்த அலுமாரியும் திறபடாது என்பதை முதலாளிகள் நன்கு அறிவர். சம்பளமில்லாத இத்தகைய காவலரை வேறெந்தத் தொழிலிலே காண முடியும்?

ரூரின் தொழிலாளியை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. 1950களிலும் 60களிலும் கலாபிரியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வறுமையினால் விரட்டப்பட்டு வடக்கே வந்து, மிராபியோரித் தொழிற்சாலையின் ஓடுபட்டியில் நின்றவன் அவன். நகரத்தவர் அவனைத் தம்மவனாக ஏற்கத் தயங்கினர். கறுப்பு வெள்ளைக் கோடிட்ட சட்டையே, நானும் இந்நகரத்தவன் என்று சொல்ல அவனுக்குக் கிடைத்த முதற் சான்றிதழ். 1980 இல் பியற் நிருவாகம் ஆயிரக்கணக்கானோரை வேலையினின்று நீக்க முற்பட்டபோது 35 நாட்கள் வாயிலை மறித்து நின்றவர்களிலும் அந்தச் சட்டையை நேசித்தவர்கள் இருந்திருப்பார்கள். வாரநாளில் அஞ்ஞெல்லியின் சம்பளப் பட்டியலைச் சந்தேகித்தவன் ஞாயிறன்று அஞ்ஞெல்லியின் மருந்துப் பட்டியலை ஏன் சந்தேகிக்கவில்லை? நம்மை உறுத்துவது இக்கேள்வியே. அவனது அன்பு உண்மையானது. அது வைக்கப்பட்ட பெட்டகத்தின் திறப்புத்தான் வேறொருவர் கையில் இருந்தது.

மேலும், மைதானத்தில் ஓடுபவனும் கூலிக்கு உழைப்பவனே. அவனது கூலி கோடிக்கணக்கு என்று சொல்லி இக்கூற்றைத் தட்டிக்கழிப்போர் இருக்கின்றனர். எல்லாருக்கும் கோடியன்று, கோடி பெறுபவனும் தன் உடலின் மீது முழு உரிமை பெற்றவன் அல்லன். இயக்க நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்க, அறிவு மட்டும் விழித்திருக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு, ஏ.எல்.எஸ். என்பர். ஜெனோவா கழகத்தின் தலைவராயிருந்த ஜியன்லூக்கா சிஞ்ஞோரினி 2002 இல் 42 வயதில் அதனால் மாண்டார். பியோரென்ரீனாவுக்கும் மிலானுக்கும் ஆடிய ஸ்தெபானோ போர்கொனோவோ 2013 இல், 49 வயதில். குவாரினியெல்லோவின் விசாரணைகளை ஒட்டி எழுந்த ஆய்வொன்று 2005 இல் வெளியாயிற்று. 1970 முதல் 2001 வரை இத்தாலியின் முதலிரு பிரிவுகளில் ஆடிய 7,325 வீரரை ஆராய்ந்தபோது, சராசரிக் கணக்கின்படி எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவாயிருக்க, ஐவர் நோயுற்றிருந்தனர். மருந்துகள் காரணமா, பந்தைத் தலையால் முட்டுவது காரணமா, புல்லுக்குத் தெளிக்கும் நஞ்சு காரணமா என்பது நிறுவப்படவில்லை. மருந்துதான் என்று நாமும் அடித்துக் கூறமாட்டோம். ஆயினும், ஒரு சாயத் தொழிற்சாலையில் இத்தகைய கணக்கு வெளியாகியிருந்தால் தொழிற்சங்கங்கள் வாளாவிருந்திருக்குமா? தடைசெய்யப்படாத மருந்தின் கதையையும் கேளுங்கள். 2010 உலகக் கிண்ணத்தில் ஆடியோரில் நூற்றுக்கு 39 பேர் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னரும் நோவுகொல்லி மருந்து உட்கொண்டனர். இதைக் கணக்கிட்டோர் பீபாவின் வைத்தியர்களே. நோவு என்பது உடல் எழுப்பும் வேலைநிறுத்தக் குரல். அதை மருந்தால் அடக்கி ஓடச் செய்வதை எவரும் குற்றமென்று கூறுவதில்லை.

குற்றம் காணப்படும்போதும் தண்டனை யார் மீது விழுகின்றது? போக்பாவின் நான்கு ஆண்டுத் தடையை 2024 ஒக்ரோபரில் விளையாட்டுக்கான நடுத்தீர்ப்பு மன்று 18 மாதமாகக் குறைத்தது. அடுத்த மாதமே கழகம் அவருடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2015 செப்ரெம்பரில் டினாமோ சாகிரெப் கழகம் ஆர்சனலை வென்ற ஆட்டத்தில் ஆடிய வீரர் ஒருவர் பரிசோதனையில் அகப்பட்டுத் தடை பெற்றார். ஆட்ட முடிவு மாறவில்லை. ஒரே அணியில் இருவருக்கு மேற்பட்டோர் அகப்பட்டாலன்றிக் கழகத்தின் மீது கைவைக்க விதிகள் இடந்தரவில்லை. பரிசோதகருக்கு வீரரின் இருப்பிட விபரங்களைச் சரிவர அளிக்க மூன்று முறை தவறிய மான்செஸ்ரர் சிற்றி கழகம் 2017 இற் செலுத்திய தண்டம் 35,000 பவுண். அக்கழகத்து வீரரிற் பலர் ஒரு வாரத்தில் அதனிலும் கூடுதலாகச் சம்பாதிப்பர். உழைப்பவன் தொழிலை இழக்கின்றான். முதலாளி சில்லறை செலுத்துகின்றான். இந்த நீதி நமக்குப் புதியதன்று.

உண்மையை உரைத்தவனின் கதியும் புதியதன்று. மேற்கு ஜேர்மனியின் கோல்காப்பாளர் ரோனி சூமாக்கர், வீரர் ஊக்கமருந்து உட்கொள்வதைப் பற்றி 1987 இல் நூலொன்றில் எழுதினார். தேசிய அணியும் அவரை நீக்கிற்று. அவரது கழகமும் நீக்கிற்று.

சந்தேகம் என்பது அவதூறுக்கு உரிமைச்சீட்டு அன்று என்பதையும் வற்புறுத்த வேண்டும். 2016 இல் லிவர்பூல் வீரர் மாமடு சாகோ, தடைப்பட்டியலில் உண்டா என்றே தெளிவில்லாத பொருளொன்றுக்காக இடைநிறுத்தப்பட்டு, ஐரோப்பிய இறுதியாட்டத்தையும் நாட்டுக்காக ஆடும் வாய்ப்பையும் இழந்தார். சில வாரங்களில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2020 இல். அந்த நான்கு ஆண்டுகளும் எதிர்க்கழக இரசிகர் வாயில் அவர் பெயர் எப்படி உருண்டிருக்கும்! நாம் வேண்டுவது ஆட்டக்காரனின் பெயரை மெல்லும் சந்தேகத்தையன்று. ஆய்வுகூடத்தையும், கழகத்தின் மருத்துவக் கணக்கேட்டையும், அவற்றைப் பூட்டி வைத்திருப்போரையும் நோக்கிய சந்தேகத்தையே. அதைத் தன் கழகத்திலிருந்து தொடங்குபவரையே உண்மையான இரசிகர் என்போம்.

தொலைவிலுள்ள நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பர். 1994 இல் எபெட்ரின் காரணமாக மரடோனா உலகக் கிண்ணத்தினின்று நீக்கப்பட்டபோது டாக்காவிலே மக்கள் தெருவில் இறங்கி ஆர்ப்பரித்தனர். அந்த வறிய மக்களின் கோபத்தை நாம் மதிக்கின்றோம்; தம்மைப் போல் குடிசையிலே பிறந்தவனைப் பெரியவர்கள் வீழ்த்திவிட்டனர் என்று அவர்கள் கண்டனர். ஆனால் அவனை அந்நிலைக்குக் கொண்டுவந்தவர் யார், அவன் உடலைச் சுற்றியிருந்தோர் யார் என்று கேட்ட குரல் எதுவும் அந்த ஆரவாரத்திலிருந்து நம் காதுக்கு எட்டவில்லை. நம் மாணவர் இன்று அணியும் பார்சலோனாச் சட்டையும் மட்ரிட் சட்டையும் அந்தக் கழகங்களின் வருமானத்தில் ஒரு துளி. துளி கொடுப்பவனுக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு.

ஸ்பெயினில் 2006 இல் எவுபெமியானோ புவென்ரெஸ் என்னும் வைத்தியரின் இடங்களில் 200க்கு மேற்பட்ட குருதிப் பைகள் கைப்பற்றப்பட்டன. இரு பெருங் கழகங்களுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டென எழுதிய பிரெஞ்சு நாளிதழ் 'லு மொண்ட்' மீது கழகங்கள் வழக்காடி வென்றன. ஸ்பானிய நீதிமன்றுகள் அச்செய்தியை ஆதாரமற்றதெனக் கண்டன. அத்தீர்ப்புக்கு எதிராகப் பேசும் ஆதாரம் நம் கையில் இல்லை. ஆனால் மட்ரிட் கழகத்துக்கென விதிக்கப்பட்ட மூன்று இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட நட்டஈட்டைப் பற்றி, பத்திரிகைச் சுதந்திரத்தை வெளிப்படையாக மீறுமளவுக்கு அதனை நிறைவேற்ற மறுக்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்று 2024 ஒக்ரோபரில் தீர்ப்பளித்தது. 2013 இல் வழக்குமன்றில் நின்ற புவென்ரெஸ், சைக்கிளோட்டக்காரர் மட்டுமன்றி உதைபந்தாட்டக்காரரும் தம்மிடம் வந்தனர் என்றார். கேட்டால் பைகளின் உரிமையாளரை அடையாளங் காட்டுவதாகவும் கூறினார். நீதிபதி கேட்கவில்லை. பைகளை அழித்துவிடும்படி கட்டளையிட்டார். 2016 இல் மேன்முறையீட்டு மன்று அக்கட்டளையை மாற்றிப் பைகளை ஒப்படைக்கச் சொன்னபோது பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. தண்டிக்கும் காலமும் கடந்திருந்தது. அந்தப் பத்து ஆண்டுகளிலும் இரு கழகங்களின் மைதானங்களும் வாரந்தோறும் நிரம்பியே இருந்தன.