எச்சிலில் ஊர் இல்லை

ஒரு பிளாஸ்டிக் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்புங்கள், உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்கிறோம் என்றார்கள். அமெரிக்காவில் இருக்கும் சீன வம்சாவளிக்காரர்கள் நிறையப் பேர் துப்பி அனுப்பினார்கள். வந்த பதில்: தென் சீனா இத்தனை சதவிகிதம், மற்றது இத்தனை சதவிகிதம். இதைச் சொல்ல ஒரு லேபரட்டரி எதற்கு? வீட்டில் பாட்டியைக் கேட்டால் ஒரு டீ செலவில் முடிந்திருக்கும்.

அதோடு போச்சா? ட்வென்டித்ரீ அண்ட் மீ என்று அந்தத் தொழிலில் பெரிய கம்பெனி. 2023-ல் அதன் வாடிக்கையாளர்களில் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்களைத் திருடினார்கள். யூத வம்சாவளி, சீன வம்சாவளி என்று தனித்தனியாகப் பட்டியல் போட்டு இன்டர்நெட்டில் கடை விரித்தார்கள். 2025 மார்ச்சில் கம்பெனியே மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. சொந்த ஊர் கிடைக்கவில்லை. இவர்கள் விவரம் ஊர் பூரா போனதுதான் மிச்சம்.

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் ஒரு வரி ஏறக்கூடாது என்று முதல் வருஷமே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். பூர்வீக கிராமமும் அப்படி ஒரு என்ட்ரிதான். அதற்கு மூன்று வவுச்சர் வேண்டும்: சீன எழுத்தில் குடும்பப் பெயர், மாவட்டம், கிராமம். மூன்றும் இருந்தால் அந்த கிராமத்துக்குப் போய், 1966-ல் ஆரம்பித்த கலாசாரப் புரட்சி நெருப்பில் தப்பிய வம்ச ஏடு இருக்கிறதா என்று விசாரிக்கலாம். (தப்பியிருந்தாலும் பெரும்பாலும் ஆண் வாரிசுகள்தான் இருப்பார்கள். பெண்கள் எங்கேயும் கணக்கில் வருவதில்லை, அது தனிக் கதை.)

சீன எழுத்தில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே எழுத்துதான். மாண்டரினில் படித்தால் சென், கான்டனீஸில் சான், ஹொக்கியனில் டான். துறைமுக குமாஸ்தா தன் காதில் விழுந்ததை இங்கிலீஷில் கிறுக்கிவைத்தார். நாலு தலைமுறை கழித்து பேரன் கையில் இருப்பது தாத்தாவின் பெயர் அல்ல, அந்த குமாஸ்தாவின் காது.

அமெரிக்காவில் இன்னும் மோசம். 1882-ல் சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1906 பூகம்பத்திலும் தீயிலும் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்தன. ‘நான் இங்கேயே பிறந்தவன்’ என்று பலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என்று காகிதம் வாங்கிக்கொண்டு வேறு பலர் கப்பல் ஏறினார்கள். ‘காகிதப் பிள்ளைகள்’ என்றே பெயர். ஏஞ்சல் தீவில் அவர்களை உட்காரவைத்துக் குடைந்தார்கள். உன் வீட்டுக்கு எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? பக்கத்து வீட்டில் யார்? விரட்டுவதற்காகக் கேட்ட அந்தக் கேள்வி-பதில் கோப்புகள்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு நல்ல ஆதாரம். அதிலும் கோப்பில் இருப்பது காகிதப் பெயர். நிஜப் பெயர் எங்கே? பல கல்லறைகளில் இங்கிலீஷில் பொய்ப் பெயரும், அதே கல்லில் சீன எழுத்தில் உண்மைப் பெயரும் இருக்கும். செத்த பிறகுதான் மனுஷன் தைரியமாகத் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

ஹிம் மார்க் லாய் என்ற வரலாற்று ஆய்வாளரின் அப்பாவும் காகிதப் பிள்ளை. லாய், காகிதத்தில் வந்த குடும்பப் பெயர். நிஜமானதை ‘மார்க்’ என்று பிள்ளையின் பெயருக்கு நடுவே செருகிவைத்தார் அப்பா. அந்த லாயும் ஆல்பர்ட் செங்கும் 1991-ல் தொடங்கிய வேர் தேடும் திட்டத்தில் இளைஞர்கள் முதலில் குடும்பத்தை விசாரிக்க வேண்டும், கோப்புகளைப் படிக்க வேண்டும். பிறகுதான் பேர்ல் நதிக் கழிமுகத்துக்குப் பயணம். எச்சிலுக்கு அங்கே வேலை இல்லை.

ஆக, கல்தான் வவுச்சர். அந்தக் கல்லை என்ன செய்கிறார்கள்?

சிங்கப்பூரில் புக்கிட் பிரௌன் என்றொரு சீன இடுகாடு. 1922-லிருந்து 1973 வரை அடக்கம் நடந்த இடம். சுமார் 1 லட்சம் கல்லறைகள். பணக்காரச் சமாதிகளுக்குத் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளி சிலைகூட உண்டு. ஏழையின் கல்லிலும் ஊர் இருக்கும்: டோங்ஆன், நான்ஆன், ஹாய்செங். இதில் ஹாய்செங்கை இன்றைய மேப்பில் மாவட்டமாகத் தேடினால் கிடைக்காது. 1960-ல் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்து லோங்ஹாய் ஆக்கிவிட்டார்கள். கல் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

2011-ல் இதன் நடுவே எட்டு வழிச் சாலை என்று அரசு அறிவித்தது. 2014-ல் உலக அளவில் ஆபத்தில் இருக்கும் நினைவிடங்கள் பட்டியலில் புக்கிட் பிரௌன் ஏறியது. ஏறினால் என்ன, ஏறக்குறைய 4,000 கல்லறைகளைத் தோண்டினார்கள். 2018-ல் சாலை திறந்தாயிற்று.

தீவு சின்னது, உயிரோடு இருப்பவனுக்கு இடம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். தோண்டுவதற்கு முன்னால் ஆய்வாளர்களை விட்டு ஆவணப்படுத்தினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது சாலைக்குள் வந்த கல்லறைகளுக்கு. மிச்சமிருக்கும் இடத்தையும் வருங்கால வீடுகளுக்கு என்று திட்டத்தில் குறித்துவைத்திருக்கிறார்களே, அந்தக் கற்களை யார் படிப்பது? உயர்வு, தாழ்வு பார்க்காமல் ஒவ்வொரு கல்லின் சீன எழுத்தையும் ஊரையும் படித்து, பொதுப் பட்டியலாகப் போட்டுவிட்டு அப்புறம் புல்டோசரைக் கொண்டுவா என்று கேட்பது அதிகப்படியா? புதிதாகப் புதைப்பவர்களுக்கோ 1998-லிருந்து 15 வருஷம்தான் தவணை.

எச்சில் டப்பா வாங்க வைத்திருக்கும் பணத்தில், சீன எழுத்து படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இப்போதே போய்வரலாம். ஷூ போட்டுக்கொள்ளுங்கள், புதர் ஜாஸ்தி. ஒரு பிரஷ்ஷும் ரெண்டு பாட்டில் தண்ணீரும் போதும். பாசி ஏறிய கல், நனைத்துத் தேய்த்தால்தான் எழுத்தைக் காட்டும்.