வாசலை அடைக்கும் வரவேற்பு

மின்னூலகம் ஒன்றின் முகப்புத் திரையில் முதலில் எது இருக்க வேண்டும்? கேள்வி சிறியதுதான். ஆனால் கடந்த மூன்று மாதங்களாக நம் கழகத்தின் செயற்குழுவினரும் என்னைப் போன்ற பழைய மாணவர்கள் சிலரும் இதைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருக்கிறோம். என் கருத்தை இங்கே சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கழகத்தின் பழைய ஆண்டிதழ்களை மின்வருடல் செய்து இணையத்தில் ஏற்றும் பணியைத் தம்பி தங்கைகள் கையில் எடுத்திருப்பது பாராட்டுக்குரியது. நாங்கள் படித்த காலத்தில் அந்த இதழ்களை அலமாரியில் பூட்டி வைத்தோமே தவிர, வேறொன்றும் செய்யவில்லை. ஆகவே குறை சொல்லும் தகுதி எனக்குக் குறைவுதான். இருந்தாலும் சொல்கிறேன்.

அவர்கள் அனுப்பிய முதல் வரைவைத் திறந்தேன். பெரிய வள்ளுவர் படம். இரு பக்கமும் குத்துவிளக்குகள். மேலே ஓடிக்கொண்டேயிருக்கும் 'வருக! வருக!' கீழே தலைவர் உரை, ஆலோசகரின் வாழ்த்துரை, செயற்குழுவின் படம். இதழ்கள் எங்கே? 'தொகுப்புகள்' என்பதை அழுத்தி, அதற்குள் 'வெளியீடுகள்', அதற்குள் 'ஆண்டிதழ்கள்' என்று போக வேண்டும். நான்காவது திரையில்தான் முதல் அட்டை கண்ணில் பட்டது.

சரி, நமக்கென்ன, இளைஞர்கள் அழுத்திப் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருப்பேன். அன்று என் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் நம் கழகத்தில் இருந்தவர், 1980களில் படித்தவர். அவர் எழுதிய ஒரே சிறுகதை ஏதோ ஓர் ஆண்டிதழில் வந்தது. தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது அந்த இதழும் போய்விட்டது. கைப்பேசியை நீட்டி, "தேடிப் பாருங்க அத்தை" என்றேன்.

"கதைப் பேரே மறந்து போச்சுப்பா. பச்சை அட்டை. ஒரு பால்மரம் வரைஞ்சிருந்தாங்க" என்றார்.

கைப்பேசியில் வள்ளுவரே திரை முழுவதையும் நிறைத்துக்கொண்டார். அத்தை அவரைக் கும்பிட்டுவிட்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். தேடல் பெட்டியைக் காட்டிக்கொடுத்தேன். தம் பெயரைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. திருமணத்திற்குப் பிறகு அவர் பயன்படுத்தும் தலைப்பெழுத்து வேறு. அன்று கதைக்குப் போட்டது அவருடைய அப்பாவின் எழுத்து. போதாக்குறைக்கு, அவர் பெயரில் ஒரு 'ஸ்' உண்டு. அன்றைய இதழாசிரியர்கள் அதைச் 'சு' ஆக்கியிருக்கவும் கூடும். ஐந்து நிமிடத்தில் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்படியானால் தேடல் பெட்டியைப் பெரிதாக்கிவிடலாம்" என்றார் வடிவமைக்கும் தம்பி. அது மட்டும் போதாது. மின்வருடல் செய்த பக்கம் கணினிக்கு ஒரு படம்தான். அதிலுள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்தோ, எழுத்துணரி மென்பொருளால் படித்தெடுத்தோ கொடுக்காத வரையில் எந்தப் பெட்டியும் அதற்குள் தேடாது. 2000களின் தொடக்கத்தில் பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டிய கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேட முடியும். அதன் பிறகும் எழுத்துக்கூட்டல் சிக்கல் இருக்கிறது. சயாம் மரண ரயிலைப் பற்றிய கட்டுரையை ஒருவர் 'ரயில்' என்று தேடுவார். இதழில் 'இரயில்' என்றிருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி பெட்டிக்குச் சொல்லித் தர வேண்டும்.

இதையெல்லாம் ஒரே பருவத்தில் செய்ய முடியாதுதான். ஆனால் ஒவ்வோர் இதழின் பொருளடக்கத்தையும் தட்டச்சு செய்ய ஒரு வாரம் போதும். இதழ்களின் அட்டைகளை ஆண்டு வரிசையில் முகப்பிலேயே அடுக்க ஒரு மாலைப் பொழுது போதும். அப்படிச் செய்திருந்தால் என் அத்தை எதையும் தட்டியிருக்கவே வேண்டாம். பச்சை அட்டையைக் கண்ணாலேயே தேடியிருப்பார். பழைய இதழைத் தேடி வருபவர்களில் எத்தனை பேர் தலைப்பை நினைவில் வைத்திருக்கிறார்கள்? படித்த ஆண்டு, அட்டையின் நிறம், ஆசிரியராக இருந்த அண்ணனின் பெயர், இவைதாம் நினைவில் நிற்கின்றன.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்களின் உழைப்பாலேயே வளர்ந்தது. அலங்காரம் என்று அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணிட்ட நூற்பட்டியல்தான் அதன் பலம். 2005-இல் தொடங்கிய ஈழத்தவரின் நூலகம் திட்டமும் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள் என்று வகைபிரித்து வைத்திருக்கிறது. வருபவர் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே உள்ளே போகலாம்.

மூத்த நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. "வீட்டு வாசலில் கோலம் வேண்டாமா? தமிழ் அடையாளம் இல்லாத முகப்பு ஒரு முகப்பா?" என்று கேட்டார். வேண்டும், ஐயா. ஆனால் கோலத்தைத் தாண்டி வீட்டுக்குள் போகலாம்; அது கதவை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. நாற்பது ஆண்டு மாணவர் எழுத்தின் அட்டைகளைவிடப் பெரிய தமிழ் அடையாளம் எது என்றும் எனக்குத் தெரியவில்லை. தலைவர் உரை வேண்டாம் என்று சொல்லவில்லை. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் அது தாராளமாக இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். மூன்று ஆண்டுகளின் இதழ்கள் நம் அலமாரியில் இல்லை என்று கேள்விப்பட்டேன். வரைவில் அந்த ஆண்டுகளை அப்படியே விழுங்கிவிட்டு, அடுத்த ஆண்டுக்குத் தாவியிருக்கிறீர்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறுஞ்சட்டத்தை வையுங்கள். அதற்குள் ஆண்டைப் போட்டு, "இந்த இதழ் எங்களிடம் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நம் முன்னாள் மாணவர்களில் யாரோ ஒருவரின் இரும்புப் பெட்டியில் அது கிடக்கும்.

இப்போது கிடைத்திருக்கும் இதழ்களை நானே ஒரு சனிக்கிழமை வந்து புரட்டிப் பார்த்தேன். பச்சை அட்டையில் பால்மரம் எதிலும் இல்லை.