தள்ளிப்போட்ட திருத்தம்

மாத்தளை அலுவிகாரையில் ஏடெழுதக் கண்டோர், எண்ணெயிட்டுப் பேணாத ஏடு நிலையாதென அறிவர். கணினிக் கடிதங்களும் அவ்வாறே. இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவை 2013ஆம் ஆண்டின் மென்பொருளிலேயே இயங்கிவந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை 2023 ஏப்ரிலில் நிறுத்தியது. பணமில்லையென்று மாற்றம் தள்ளிப்போடப்பட்டிருந்தது. ஓகஸ்டில் கப்பங் கேட்கும் தீயநிரலொன்று புகுந்து கடிதங்களைப் பூட்டிற்று! சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அவற்றுக்குப் பிரதியும் இல்லை.

ஆதலின், “பராமரிப்புக்காகத் தளம் மூடப்பட்டுள்ளது” என்னும் அறிவிப்பை நாம் நற்செய்தியாகவே கொள்கிறோம். மிளகும் ஏலமும் இணையத்தில் விற்கும் நம்மூர் வணிகரும், தனியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, திருத்தம் வந்தவுடன் ஏற்பாராக. அவசரம் என அஞ்சலில் வரும் இணைப்பை மாத்திரம் தொடவேண்டா. தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்கே சென்று பார்த்துக்கொள்க.