நோயாளியின் குறிப்பு யார் கையில்?

நாட்டு மக்களுக்கு 14 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, அவர்களது நோய் விவரம், பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு ஆகியவற்றைக் கம்ப்யூட்டர் வழியே அந்த எண்ணுடன் இணைக்கும் திட்டத்தை மத்திய அரசு நடத்தி வருகிறது. 2020 ஆகஸ்ட் 15-ம் தேதி அறிவிக்கப்பட்ட இத் திட்டம், புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2021 செப்டம்பர் 27-ம் தேதி நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. திட்டத்தின் பெயர் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். எண்ணின் பெயர் 'ஆபா'. 2025-ம் ஆண்டின் தொடக்கத்திலேயே 70 கோடிக்கு மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டிருந்தன.

எண்ணை வழங்குவது எளிது. அந்த எண்ணால் நோயாளிக்குக் கிடைக்கும் பயன் என்ன என்பதே கேள்வி. பெங்களூர் தமிழர்களுக்கு இக் கேள்வி மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே பொருந்தும்.

இரு மாநிலங்களுக்கு இடையே

ஓசூர், தர்மபுரி, திருப்பத்தூர், வேலூர் பகுதிகளிலிருந்து பெங்களூருக்கு வந்து உழைப்போர் ஏராளம். குடும்பம் ஊரில், வேலை இங்கே. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரை நோய்க்கோ ஊரில் மருந்து தொடங்கியவர், இங்கே வந்தபின் வேறொரு டாக்டரைப் பார்க்கிறார். அவரிடம் பழைய சீட்டு இருப்பதில்லை. "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை" என்பதுதான் அவர் சொல்லக்கூடிய முழு வரலாறு.

இதில் உள்ள ஆபத்து சிறியதல்ல. ஒரே மருந்து நம் நாட்டில் பல கம்பெனிகளின் பெயர்களில் விற்கப்படுகிறது. ஊர் டாக்டர் ஒரு பெயரிலும் பெங்களூர் டாக்டர் மறு பெயரிலும் எழுதிக் கொடுத்தால், நோயாளி இரண்டையும் விழுங்கி இரட்டை அளவு மருந்து உட்கொள்ளக் கூடும். அல்லது சீட்டு இல்லாத காரணத்தால் மருந்தையே நிறுத்திவிடக் கூடும். வலிப்பு நோய், காசநோய் போன்றவற்றில் மருந்து இடையில் நிற்பது எத்தகைய விளைவைத் தரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இரு மாநில அரசுகளும் சும்மா இருந்துவிடவில்லை. வீடு தேடிச் சென்று மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதைப் போன்ற 'கிருஹ ஆரோக்யா' திட்டத்தைக் கர்நாடக அரசு 2024-ல் கோலார் மாவட்டத்தில் தொடங்கியது. இரண்டும் பாராட்டுக்குரியவை. ஆனால் இரண்டுமே அந்தந்த மாநிலத்தில் நிலையாக வசிப்பவரை மனத்தில் கொண்டு அமைந்தவை. அத்திப்பள்ளியைத் தாண்டி வேலைக்கு வருபவரைப் பதிவேடு பின்தொடர்ந்து வருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வல்லது ஆபா எண்தான் என்பது அதன் ஆதரவாளர்கள் வாதம். வாதம் நியாயமானதே.

சம்மதம் யாருடையது?

இத் திட்டத்தின் முக்கிய அம்சம், குறிப்புகள் அனைத்தும் தில்லியில் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை என்பதாகும். சிகிச்சை தந்த ஆஸ்பத்திரியிலேயே அவை இருக்கும். மற்றொரு டாக்டர் பார்க்க விரும்பினால் நோயாளியின் சம்மதம் வேண்டும். எதைக் காட்டுவது, எத்தனை நாள் காட்டுவது என்பதையும் அவரே தீர்மானிக்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எண் பெறுவதும் கட்டாயமல்ல.

ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அந்தச் சம்மதம் செல்போன் வழியாகவே கேட்கப்படுகிறது. வீட்டுக்கு ஒரே செல்போன், அதுவும் மகனிடமோ கணவனிடமோ இருக்கும் குடும்பங்கள் எத்தனை! அங்கே ஒரு பெண்ணின் கர்ப்பம் பற்றிய குறிப்புக்கோ, நிம்ஹான்ஸில் மனநல சிகிச்சை பெறுபவரின் குறிப்புக்கோ சம்மதம் தருவது யார்? செல்போனை வைத்திருப்பவர்தான். ஆஸ்பத்திரிக் கௌண்டரில் அவசரத்தில் வாங்கப்படும் சம்மதமும் சம்மதமாகாது.

அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கைத் தொடுத்தவர் பெங்களூரில் வாழ்ந்த, கர்நாடக ஹைகோர்ட்டின் முன்னாள் நீதிபதி கே. எஸ். புட்டசாமி என்பது இந் நகரவாசிகள் பெருமைப்படத் தக்கது. அதன் பின் 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கிய ஷரத்துகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. சம்மதம் கோரும் வாசகத்தை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் பெறும் வசதி இருக்க வேண்டும் என்கிறது இச் சட்டம். தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. எனவே கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழில் படித்துப் பார்த்துச் சம்மதம் தரும் வசதியைத் தமிழர் கேட்டுப் பெறலாம். எனினும் ஒரு குறை உண்டு. 2019-ல் கொண்டுவரப்பட்ட மசோதா, உடல்நல விவரங்களைத் தனிக் கவனத்துக்குரியவை என்று பிரித்துக் காட்டியது. 2023 சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை.

காகிதத்தைக் கைவிடலாமா?

கம்ப்யூட்டரை முற்றிலும் நம்பிவிடுவதும் உசிதமல்ல. 2018-ல் சிங்கப்பூரில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அந் நாட்டுப் பிரதமரும் அவர்களில் ஒருவர். 2022 நவம்பர் 23-ம் தேதி தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கியபோது, அங்கு பல நாட்கள் எல்லாமே கையால் எழுதப்பட்டன. அத்தனை பெரிய நிறுவனத்துக்கும் அன்று கைகொடுத்தது காகிதம்தான்.

புதிய எண்ணைப் பற்றிப் பேசும் வேளையில், பழைய உரிமை ஒன்று மறக்கப்பட்டு வருகிறது. டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டின் ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். மருந்தின் அடிப்படைப் பெயரைப் புரியும்படி எழுத வேண்டும் என்பதும் விதியே. இவற்றைக் கேட்டுப் பெறுவோர் மிகச் சிலர். கேட்காத உரிமை இல்லாத உரிமைக்குச் சமம்.

ஆகவே இரண்டும் வேண்டும். ஆபா எண் பெற விரும்புவோர், அது தம் சொந்த செல்போன் எண்ணுடன் இணைந்திருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அத்துடன், உட்கொள்ளும் மருந்தின் அடிப்படைப் பெயர், அளவு, எந்த ஆண்டிலிருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதி எப்போதும் உடன் வைத்திருப்பது நல்லது. இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் இயங்கும் தமிழர் அமைப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த உதவியைச் செய்தால் பல முதியவர்களுக்குப் பயன்படும்.

அரசுகள் செய்ய வேண்டியதும் உண்டு. காவிரி நீரில் கர்நாடகமும் தமிழகமும் உடன்படுவது கடினமாக இருக்கலாம். ஒரு கூலித் தொழிலாளியின் மாத்திரைக் குறிப்பில் உடன்படுவதற்கு எந்தத் தடையும் இல்லை. கோலார், கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பதிவேடுகளை, நோயாளியின் சம்மதத்துடன், முதலில் இணைத்துப் பார்க்கலாம். எல்லையின் இரு பக்கமும் அவருக்கு ஒரே மருந்து தடையின்றிக் கிடைக்குமானால், அந்த 14 இலக்க எண்ணுக்கு அன்றுதான் பொருள் உண்டாகும்.